ராஜா தொலைந்த பிராது

வெகு காலத்துக்கு முன்னால் மணற்குன்றம் என்கிற சீமையை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. மண்டையில் ஒன்று ஏறிவிட்டால் இறங்காது, அவ்வளவுதான்.

அவனுடைய மந்திரி செங்கோடர். வயசாளி, முன்கோபி. அவரைக் கண்டாலே ஆகாத ஆள் ஒருத்தர் சபையில் இருந்தார். ஆஸ்தான ஞானி நஞ்சுண்டர். "நான் என்று ஒன்றே கிடையாது" என்று தினமும் முழங்குவார். தன் ஆசனத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் மட்டும் குதிப்பார்.

ஒரு நாள் கோயில் வாசலில் பரதேசி ஒருவன் ராஜாவை ஏற இறங்கப் பார்த்தான். "நீ யாருன்னு உனக்கே தெரியலையேப்பா" என்றான். போய்விட்டான். ஏறிவிட்டது மண்டையில்.

மறுநாள் காலை ராஜா சபைக்கு வந்தான். சிம்மாசனத்தில் உட்காரவில்லை.

"செங்கோடரே, என்னைக் காணோம். கிடைக்கிறவரை ஒரு உத்தரவும் கிடையாது."

செங்கோடரின் நினைப்பெல்லாம் ஏரியில் இருந்தது. ஏரி ததும்பிக் கிடக்கிறது. கடைமடையில் நட்ட பயிர் தண்ணீர் இல்லாமல் சுருண்டுகொண்டிருக்கிறது. முதல் மடையை ராஜாவின் கைதான் திறக்கவேண்டும் என்பது அந்தச் சீமை வழக்கம். வேறு யாரும் தொடமாட்டார்கள்.

"மடையைத் திறந்துவிட்டுத் தேடலாமே, மகாராஜா."

"யாரைய்யா திறப்பது? ஆளே இல்லை என்கிறேன்!"

நஞ்சுண்டர் எழுந்தார். "அரசே, ஆத்மாவை வனத்தில்தான் தேடவேண்டும். வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை செங்கோடரிடம் இருக்கிற முத்திரை மோதிரம் அடியேனிடம் இருக்கட்டும்."

"நான் என்பதே இல்லாதவருக்கு மோதிரம் எந்த விரலில்?" என்றார் செங்கோடர்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "பொழுது சாய்வதற்குள் என்னைக் கண்டுபிடித்துக் கொடும், செங்கோடரே. முடியாவிட்டால் மோதிரம் அவருக்கு. நீர் வீட்டுக்குப் போகலாம்."

வீட்டுக்குப் போவதில் செங்கோடருக்கு வருத்தமில்லை. நஞ்சுண்டர் கையில் மோதிரம் போனால் ராஜா வனத்துக்குப் போய்விடுவான், மடை திறக்க இவர் நல்ல நேரம் பார்ப்பார், கூட்டத்தைக் கூட்டுவார், பயிர் வைக்கோலாகிவிடும். அதுதான் கவலை. வாசல் பக்கம் பார்த்தார். ஆராய்ச்சி மணி தொங்கியது. அதன் கீழே பிராதுக் கல். கல்லில் ஏதோ சட்டம் செதுக்கியிருந்தது. யார் படிக்கிறார்கள்?

"பொருள் தொலைந்தால் முறைப்படி பிராது கொடுக்கவேண்டும். மணியடித்துக் கல்லில் ஏறுங்கள், மகாராஜா."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. மணியை ஆசையாக அடித்தான். ஏறி நின்றான்.

"தொலைந்த பொருள்?"

"நான்."

"அடையாளம்?"

ராஜா மீசையைத் தடவினான். "இந்த மீசை."

"அது முகத்தில் பத்திரமாக இருக்கிறது. தொலைந்ததைச் சொல்லுங்கள்."

"எனக்குக் கோபம் வரும்."

"இப்போது வருகிறதா?"

"இல்லை. காலையில் வந்தது, போய்விட்டது."

"கோபம் போனபோது நீங்களும் கூடவே போனீர்களா?"

"நான் ஏன் போகிறேன்? அது போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

"சரி. ஆளைக் காணோம் என்று முதலில் கண்டுபிடித்தது யார்?"

"நான்தான்."

சொல்லிவிட்டு ராஜா விழித்தான்.

நஞ்சுண்டருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, ஏமாறாதீர்கள்! தங்கள் ஆத்மா வடக்கே போனதை என் ஞானக்கண்ணால் பார்த்தேன். நானே சாட்சி!"

"சாட்சி என்று பதிந்துகொள்ளலாமா?" என்றார் செங்கோடர்.

"தாராளமாக!"

"தீர்ப்பு. தொலைந்ததாகச் சொல்லப்படும் பொருள் பிராது கொடுக்க நேரில் வந்து நிற்கிறது. ஆகவே இது பொய்ப் பிராது. கல்லில் இருப்பது உங்கள் பாட்டனார் போட்ட சட்டம், மகாராஜா. பொய்ப் பிராது கொடுத்தவனும் அதற்குச் சாட்சி சொன்னவனும் ஏரி மடையில் இறங்கி மண் வெட்டவேண்டும். ராஜாவுக்கு விலக்கு என்று எழுதவில்லை."

ராஜா குனிந்து படித்தான். நிஜம்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "மடை திறக்க நல்ல வழி பிடித்தீர்! வாரும் நஞ்சுண்டரே."

பட்டாடையைக் கழற்றி எறிந்துவிட்டு ராஜா சேற்றில் இறங்கினான். மடைப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. கரையெல்லாம் ஆள் உயரக் கோரைப்புல். அதற்குள் ஊர்ஜனம் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. சேறு பூசினவனை ராஜா என்று யார் கண்டார்கள்?

கோரைக்கு அப்பாலிருந்து ஒரு குடியானவன் குரல் கொடுத்தான். "மடைகிட்ட சலசலங்குது, யாருய்யா அது?"

நஞ்சுண்டர் தொண்டையைச் செருமினார். "ஆஸ்தான ஞானி, வேதாந்த சிங்கம், சபா ரத்தினம், சகல சாஸ்திர..."

"அம்புட்டுப் பேரா வந்திருக்கீங்க? நல்லதாப் போச்சு. ஆளுக்கொரு மண்வெட்டி எடுங்கப்பா!"

கரை முழுக்கச் சிரிப்பு. நஞ்சுண்டர் வாயை மூடிக்கொண்டு மண்ணை வெட்டினார்.

"அவரை விடு, இன்னொரு ஆள் வெட்டுற சத்தம் கேக்குதே, யாரு?" என்றான் குடியானவன்.

"நான்தான்" என்றான் ராஜா, யோசிக்காமல்.

"கிழக்கே யாரு?"

ஒரு பெண்பிள்ளையின் குரல். "நான்தேன்!"

"வாய்க்கால்ல?"

பல்லில்லாத கிழவன் ஒருத்தன். "நாந்தா..."

ராஜாவின் மண்வெட்டி நின்றுவிட்டது. முழங்கால்வரை தண்ணீர் ஓடுகிறது. கரையில் நின்ற மந்திரியைத் திரும்பிப் பார்த்தான்.

"செங்கோடரே, கேட்டீரா? நான் சொன்னதையே எல்லோரும் சொல்கிறார்கள்."

"ஆமாம்."

"ஒருத்தரும் யோசித்துச் சொல்லவில்லை."

"ஆமாம்."

"இத்தனை வாயிலும் பேசுவது ஒரே ஆளா?"

செங்கோடர் கடைமடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. "அந்தப் பரதேசி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதல்லவா? நிற்காமல் வெட்டுங்கள். பயிருக்கும் தாகம் இருக்கிறது."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டான். சேறு கண்ணிலும் பட்டது. "மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். வேறென்ன வேண்டும், கேளும்."

"ஒரு மண்வெட்டி" என்றார் செங்கோடர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கடைமடை சேர்ந்தது. பயிர் தலை தூக்கியது. அன்று முதல் கட்டியக்காரன் பட்டங்களை அடுக்க வாயெடுத்தால் ராஜா கையமர்த்திவிடுவான். சபைக் கதவைத் தட்டுவான். காவலன் உள்ளிருந்து "யாரு?" என்பான். வெளியிலிருந்து பதில் வரும்: "நான்தான்." கதவு திறக்கும்.

அவன் சீமை செழித்தது. நம் சீமைக்கும் மழை வரட்டும். எழுந்து போய் வேலையைப் பாருங்கள்.