ரப்பர் விழுங்கின பதில்

குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில் ஒரு ரப்பர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே மூளை சுகிர்தா மேடம் ஒருவருக்குத்தான். மீதி மூன்று பேருக்கும் கீழ்ப்படிதல். நான் மேடத்தின் கார் டிரைவர். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அந்த மூன்று பேரும் பெருமையாக என்னிடம் சொன்னது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அங்கே நடக்கிற வேலை ரெண்டு. முதல் வேலை, அலை விழுங்குகிற ரப்பர் செய்வது. கரித்தூளும் இரும்புத்தூளும் போட்டுப் பிசைந்த கறுப்பு ஷீட் அது. ரேடார் அலையோ போன் அலையோ அதில் பட்டால் திரும்பி வராது, உள்ளேயே அடங்கிவிடும். ஒரு தகர அறைக்குள் சுவர், கூரை, தரை, கதவு என்று ஓரிடம் விடாமல் அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கறுப்பறை என்று பெயர். கதவைச் சாத்தினால் போனில் டவர் சுத்தமாகப் போய்விடும்.

ரெண்டாவது வேலை ரப்பரைக் கிழடாக்குவது. டயர் வெயிலில் கிடந்து வெடிப்பு விடுமில்லையா, அதைப் பார்க்க யாராவது பத்து வருஷம் உட்கார்ந்திருப்பார்களா? அதனால் இடுப்புயர பீரோ மாதிரி ஒரு சூட்டுப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வாரம் கிடந்தால் ரப்பருக்குப் பத்து வயசு கூடிவிடும். இது மேடம் போட்ட கணக்கு, சரியான கணக்கு.

இனி அந்த மூன்று பேர். தாணுமாலயன் மூத்தவர், யோசனைக்காரர். அவர் தாடையைச் சொறிந்தால் மற்ற ரெண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்ப்பார்கள். வறுவேலுக்குச் சந்தேகம் கேட்பதுதான் வேலை. மூன்றாவது ஏசுவடியான். முப்பத்துநாலு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை, பாவம். பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் மார்த்தாண்டத்தில் ஜெபக்கனி என்று ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் வேலை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான்.

பெண்ணின் அப்பா தங்கையன் சொல்லி அனுப்பியிருந்தார்: "திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லுதோம். போன்லதான் சொல்லுவோம். நாங்களே கூப்பிடுவோம், நீங்க கூப்பிடண்டாம்."

அந்தத் திங்கட்கிழமைதான் மேடம் ஒரு கூட்டத்துக்காகத் திருவனந்தபுரம் கிளம்பினார். கையில் அன்று காலைதான் செய்து முடித்த புது ஷீட்.

"இதுவரைக்கும் செஞ்சதுலேயே நல்ல ஷீட் இதுதான். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும். இன்னைக்குக் கறுப்பறையில வச்சு எவ்வளவு அலை விழுங்குதுன்னு அளந்து பாருங்க. நாளைக்குச் சூட்டுப்பெட்டியில ஏத்துங்க. அளக்கும்போது யார் கையிலயும் போன் இருக்கக் கூடாது, பத்திரமான இடத்துல வச்சிருங்க. கறுப்பறைக் கதவு எப்பவும் சாத்தியே இருக்கணும். புதன்கிழமை வந்துருவேன்."

"செரி மேடம்" என்றார்கள் மூன்று பேரும். கேட்கவே எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

கார் வாசல் தாண்டியதும் ஷீட்டை இளஞ்சூட்டு வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். துவட்டினார்கள். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவுகிற வெள்ளைப் பொடி மூட்டை சூட்டுப்பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற தட்டில் இருக்கும். அதிலிருந்து எடுத்துப் பவுடர் போட்டார்கள். கண்ணு பட்டுவிடும் என்று தாணுமாலயன் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தார். கறுப்பில் கறுப்பு தெரியவில்லை. சுண்ணாம்பைத் தொட்டு வெள்ளையாக வைத்தார்.

அடுத்து போன். தாணுமாலயனும் வறுவேலும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஏசுவடியான் மட்டும் கையில் வைத்துக்கொண்டு தவித்தான். கட்டடத்திலேயே பத்திரமான இடம் எது? எப்போதும் சாத்தியே இருக்கிற கறுப்பறைதான். கொண்டுபோய் அங்கே கிடத்தியிருந்த ஷீட்டின் மடியில் வைத்தான். சார்ஜரும் செருகினான்.

மத்தியானம் போனது, போன் அடிக்கவில்லை. ஏசுவடியானுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வந்ததுதான் தாமதம், தங்கையன் கூப்பிட்டார், தங்கையன் கூப்பிட்டார் என்று வரிசையாகச் சேதி விழுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, பதில் வந்திருக்கு. எனக்குத்தான் வரல்ல."

"திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டா என்னடே?" என்றான் வறுவேல். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

"கூப்பிடண்டாம்னு மாமா சொல்லியிருக்காருலா? கல்யாணத்துக்கு முன்னேயே சொல்லு கேக்காத மாப்பிள்ளைன்னு பேரெடுக்கவா?"

அதற்கு மேல் வறுவேலிடம் சந்தேகம் இல்லை. தாணுமாலயன் தாடையைச் சொறிந்தார்.

"போன்ல வந்தது என்ன?"

"அலை."

"கறுப்பு ஷீட்டு அலைய என்ன செய்யும்?"

"விழுங்கும்."

"அப்போ உனக்க பதிலு இப்போ பிள்ளைக்க வயித்துல கெடக்கு."

மூன்று பேரும் கறுப்பறைக்குள் போய் ஷீட்டைப் பார்த்தார்கள். அது ஒன்றும் தெரியாத மாதிரி படுத்துக் கிடந்தது.

"காசு முழுங்கின பிள்ளைய என்ன செய்வாவ?" என்று கேட்டார் தாணுமாலயன்.

"தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டுவாவ."

"பிடி."

"தலை எது அண்ணாச்சி?" என்றான் வறுவேல்.

இது பெரிய விவாதமாகிவிட்டது. பொட்டு வைத்த பக்கம்தான் முகம், பொட்டுக்கு மேலே தலை என்று தீர்மானித்தார்கள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார்கள். கொஞ்சம் பவுடர்தான் உதிர்ந்தது. அடுத்து மட்டி வாழைப்பழம் வாங்கி வந்து மசித்து ஊட்டினார்கள். பழம் கொடுத்தால் விழுங்கினது வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம். வாய் எங்கே என்று தெரியாததால் எல்லா இடத்திலும் பூசினார்கள். வறுவேல் காதை வைத்துக் கேட்டான்.

"'ம்ம்'னு கேக்கு!"

ஏசுவடியான் துள்ளி எழுந்தான். "எப்பிடிப்பட்ட 'ம்ம்'? சம்மதம்னா, இல்ல யோசிக்கோம்னா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

அது மின்விசிறி. நிறுத்தியதும் 'ம்ம்' நின்றுபோனது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று வறுவேல் பிற்பாடு சொன்னான்.

பதில் தானாக வெளியே வந்தால் பிடித்துக்கொள்ளப் போன் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று, மறுபடியும் ஷீட்டின் மடியில் போனை வைத்துக் கறுப்பறையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேடம் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஷீட்டைப் பெட்டியில ஏத்தியாச்சா?"

"இப்போ ஏத்திருவோம் மேடம்" என்றார் தாணுமாலயன்.

"ஷீட் நல்லா இருக்குல்ல?"

"நேத்து பழம் தின்னுச்சு மேடம்."

மேடம் போனை ஒரு தடவை உதறிவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

ஷீட்டைப் பெட்டியில் ஏற்றினார்கள். போனையும் கூட வைத்தால் போன் கிழடாகிவிடும், பழைய போனில் புதுப் பதில் எப்படி வரும் என்று அதை மட்டும் கறுப்பறையிலேயே விட்டார்கள். சுவரில் இருப்பதெல்லாம் அந்த ஷீட்டின் சொந்தபந்தம்தானே, ஏதாவது தகவல் சொல்லாமலா போகும்?

பெட்டி சூடேறின பிறகுதான் வறுவேலுக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, ஷீட்டுக்குப் பத்து வயசு கூடும். செரி. உள்ள கெடக்க பதிலுக்கு?"

ஏசுவடியான் பாய்ந்துபோய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். "அய்யோ! அதுக்கும் கூடும்லா! அவ சரின்னு சொல்லி, நான் பத்து வருசமா வாயே தொறக்காம இருந்ததா ஆயிருமே! எந்தப் பொண்ணு அதுவரைக்கும் காத்திருப்பா? எறக்குங்க அண்ணாச்சி, எறக்குங்க!"

"மேடம் ஏத்தச் சொன்னாவ. எறக்கச் சொல்லல்ல."

ஏசுவடியான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். பெட்டிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துத் தலையை அந்த அனலுக்குக் காட்டி உட்கார்ந்தான். பதிலுக்கு வயசாவதாக இருந்தால் தனக்கும் ஆகட்டும், ரெண்டும் சேர்ந்தே வெளியே வரட்டும் என்றான். எனக்கு இதைச் சொல்லும்போதுகூட மனசு என்னவோ செய்கிறது. கிறுக்கன்தான். ஆனாலும் அப்படி ஒரு ஆசை எல்லாருக்கும் வருமா?

மத்தியானம் கண்ணசந்துவிட்டான். திடுக்கிட்டு எழுந்ததில் தலை மேல்தட்டில் இடித்து, பொடி மூட்டை சாய்ந்து மொத்தமும் தலையில் கொட்டியது. தூக்கக் கலக்கத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீ கொண்டுவந்த வறுவேல் டம்ளரைக் கீழே போட்டான்.

"அண்ணாச்சி, ஓடி வாங்க! வயசு ஏறிட்டு!"

தாணுமாலயன் வந்து பார்த்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சாக வெளுத்திருந்தது.

"ரப்பருக்கு ஒரு வாரம் ஆகும்" என்றான் வறுவேல். "இவனுக்கு ஒரே நாளுல எப்பிடி?"

"மனுசன் உடம்பு ரப்பரை விட மெத்துன்னுல்லா இருக்கு? ஒரு நாளே தாராளம்."

கண்ணாடி கொண்டுவந்து காட்டினார்கள். ஏசுவடியான் வெகுநேரம் பார்த்தான். "எனக்க அப்பனை மாதிரியே இருக்கேன்" என்றான். தாணுமாலயனுக்கு வயசு நாற்பத்திரண்டு. முப்பத்துநாலும் பத்தும் நாற்பத்துநாலு என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இனிமே நீங்கதான் எனக்கு மூத்தவரு. உக்காருங்க அண்ணாச்சி."

வயசான தலையில் தண்ணீர் ஊற்றினால் நீர் கோத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு அவனைக் குளிக்கவும் விடவில்லை.

புதன்கிழமை நாங்கள் திரும்பி வந்தோம். வாசலில் ஒரு ஆட்டோவிலிருந்து தங்கையனும் ஜெபக்கனியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை போனே எடுக்க மாட்டேங்காரு, உடம்புக்கு என்னமோன்னு மக கெடந்து துடிக்கா" என்று தங்கையன் மேடத்திடம் சொன்னார். எல்லாரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

சூட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஏசுவடியான் முட்டியில் கை ஊன்றி மெல்ல எழுந்தான். ஜெபக்கனியை ஏற இறங்கப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"ஜெபக்கனிக்க மகளா மக்கா? அம்மையை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. அம்மை சுகமா இருக்காளா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

தாணுமாலயன் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் விளக்கினார். அந்தப் பெண் ஓடிப்போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். அவளோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"செரிதான். மருந்துகூட சூட்டுல இருந்தா சீக்கிரம் காலாவதி ஆயிரும்" என்றாள். பிறகு கவலையோடு ஏசுவடியானைப் பார்த்தாள். "அஞ்சு வயசுதான் வித்தியாசம்னு இருந்தோம். இப்போ பதினஞ்சு ஆயிட்டே. எனக்கும் ஒரு பத்து ஏத்திக்கிடுதேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குத் தலையைக் காட்டினாள். ஏசுவடியான் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான். "இப்பிடி ஒருத்தி கெடைக்க நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ!"

"அப்போ எங்களுக்கு..." என்று தங்கையன் வாயெடுத்தார்.

"மாமா, நில்லுங்க! பதிலைப் போன்லதான் சொல்லுவோம்னு சொன்னிய."

"ஆமா, சொன்னேன்" என்று தங்கையன் போனை எடுத்துக் கூப்பிட்டார். கிடைக்கவில்லை. "உங்க போன் எங்க மாப்பிள்ளை?"

"அந்த அறையில."

"அதான் எட்டல்ல. பக்கத்துல போய்க் கூப்பிடுதேன்" என்று கறுப்பறைக்குள் போனார். வறுவேல் மேடத்தின் உத்தரவுப்படி உடனே கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து 'ஹலோ, ஹலோ' என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மேடம் எழுந்து போனார். கதவை அகலத் திறந்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். டவர் வந்தது. தங்கையனின் காலடியில் கிடந்த போன் அடித்தது. ஏசுவடியான் பாய்ந்துபோய் எடுத்தான்.

"ஹலோ, யாரு?"

"மாப்பிள்ளையா? நான் மார்த்தாண்டம் தங்கையன் பேசுதேன்" என்றார் எதிரே நின்ற தங்கையன். "எங்க எல்லாருக்கும் சம்மதம்."

"ரொம்ப சந்தோசம் மாமா! ஜெபக்கனி பக்கத்துல இருந்தா ஒரு வார்த்தை பேசட்டுமா?"

தங்கையன் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். மகள் சூட்டுப்பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அவ ஒரு வேலையா இருக்கா மாப்பிள்ளை. முடிஞ்சதும் அவளே கூப்பிடுவா. நீங்க கூப்பிடண்டாம்."

"செரி மாமா."

மாமனாரைக் கைபிடித்து வெளியே கூட்டிவந்தான் ஏசுவடியான். அவள் கூப்பிடும்போது போன் பத்திரமாக இருக்க வேண்டுமே என்று, திரும்பிப் போய் அதைக் கறுப்பறையின் நடுவில் வைத்தான். சார்ஜரையும் செருகினான். மேடம் சொல்லியிருந்தபடி கதவை அழுத்திச் சாத்திவிட்டு, வெளியே காத்துக்கொண்டு நின்றான்.