மிளகி பாதி மரம் இறங்கிய கதை

ஓடைக்கரையில் நின்ற பெரிய ஈட்டி மரத்தில் கருங்குரங்குக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. பழைய நூல்கள் கருங்குரங்கை முசு என்று சொல்கின்றன. குரங்குகளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெருமைப்பட நேரம் இருந்திருக்காது. அவை இலை தின்னும் சாதி. பகலில் பாதி நேரம் தின்பதற்குப் போய்விடும். மீதி நேரம் தின்றது செரிப்பதற்குப் போய்விடும்.

அந்தக் காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது. சிறுத்தைக்கு மரம் ஏறத் தெரியும். அதனால் குரங்குகள் இரவில் கிளைகளின் நுனியில் போய்த் தூங்கும். நுனிக்கிளை குரங்கைத் தாங்கும், சிறுத்தையைத் தாங்காது. பல தலைமுறையாக அந்தக் கூட்டம் உயிரோடு இருந்ததற்கு இந்த ஒரு விஷயம்தான் காரணம்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பிறந்த குட்டியைப் பகலெல்லாம் பெரியம்மாக்களும் சித்திகளும் மாறி மாறி வாங்கி வைத்துக்கொள்வார்கள். பேன் பார்ப்பார்கள், மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள், யார் ஜாடை என்று சண்டை போடுவார்கள். தாய் அந்த நேரத்தில் வயிறு நிறையத் தின்றுகொள்ளலாம். நல்ல வழக்கம்தான். குட்டி அழ ஆரம்பித்தால் மட்டும் உடனே தாயிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் வழக்கம் என்றே சொன்னார்கள்.

அந்தக் கூட்டத்தில் மிளகி என்ற இளம் தாய்க்கு அப்போதுதான் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. கருங்குரங்குக் குட்டிகள் பிறக்கும்போது கறுப்பாக இருப்பதில்லை, செம்பட்டையாக இருக்கும். இந்தக் குட்டியும் காய்ந்த தேங்காய் நார் நிறத்தில் இருந்தது. பகலில் அது தங்கம். ஏழு மடியில் இருந்துவிட்டு எட்டாவது மடியைத் தேடும். பொழுது சாய்ந்ததும் அதற்கு வயிற்றில் வாயு சேர்ந்துகொள்ளும்.

முதலில் முனகல் வரும். பிறகு முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கும். முகம் சிவந்து, கை இறுகி, வயிறு மத்தளம் மாதிரி விம்மிக்கொள்ளும். பிறகு அது போடும் சத்தத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் தூங்கும் மான்கள் எழுந்து நிற்கும். மிளகி மார்பில் போட்டால் இரண்டு வாய் குடிக்கும். உதறிவிட்டு மறுபடி அழும். தோளில் போட்டால் அழும். மடியில் போட்டால் அழும். விடியும் நேரத்தில், எதுவுமே நடக்காதது போலத் தூங்கிப்போகும். அப்போது மற்றவர்கள் எழுந்து வந்து, "அய்யோ, என்ன அழகா தூங்குது பாரேன்!" என்று குட்டியை வாங்கிக்கொள்வார்கள். மிளகி தின்னப் போவாள். தூங்குவதா தின்பதா என்று யோசித்துக்கொண்டே தின்பாள்.

இப்படி ஒன்பது இரவு போயிற்று.

யோசனைகளுக்குக் குறைவில்லை. கூட்டத்தில் மூத்தவள் தாழை. ஐந்து பிள்ளை பெற்றவள். அவள், குற்றமெல்லாம் மிளகி தின்னும் கொழுந்தில்தான் இருக்கிறது, முற்றின இலையாகத் தின்றால் சரியாகிவிடும் என்றாள். அடுத்த கிளையில் இருந்த பாலை, முற்றின இலைதான் வாயு, கொழுந்தாகத் தின்ன வேண்டும் என்றாள். மிளகி முதல் நாள் முற்றினதும் மறுநாள் கொழுந்தும் தின்றாள். குட்டி இரண்டு நாளும் ஒரே மாதிரி அழுதது. இடது மார்பை முதலில் கொடு என்றாள் ஒருத்தி. கண் பட்டிருக்கிறது, நெற்றியில் மண் தடவு என்றாள் இன்னொருத்தி. எல்லாமே அவரவர் கிளையிலிருந்து, இருட்டில், படுத்தபடியே சொன்னவை.

"எங்க பிள்ளைங்க இப்படி அழுததே இல்லைம்மா" என்றும் தாழை அடிக்கடி சொன்னாள். அவளுடைய மூன்றாவது மகன் அழுத அழுகையில் ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் தூங்கவில்லை என்பது பாலைக்கு நன்றாக நினைவிருந்தது. பாலை வாயைத் திறக்கவில்லை. தாழைக்கு எதிரில் யாரும் அப்படி வாயைத் திறப்பதில்லை.

பத்தாவது நாள் மாலை கூட்டத்தின் தலைவன் நெடுவாலன் பேசினான். கெட்டவன் அல்ல, பயந்தவன். இரவில் குரங்கு சத்தம் போடுவது சிறுத்தைக்கு விலாசம் சொல்வது போல என்றான். எல்லாருடைய நன்மைக்காகவும் மிளகி கொஞ்ச நாளைக்கு ஓடைப்பக்கம் இருக்கும் அடிக்கிளையில் போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்றான். அங்கே ஓடைச் சத்தத்தில் அழுகை அமுங்கிவிடும் என்பது அவன் கணக்கு. அடிக்கிளையும் பத்திரமான இடம்தான், நுனியிலேயே இருக்கும்வரை. மிளகி எதிர்த்துப் பேசவில்லை. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனாள். பேசுகிற அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

அன்று இரவு குட்டி வழக்கத்தைவிட முன்னதாகவே ஆரம்பித்தது. நிலா உச்சிக்கு வந்தபோது மிளகியும் அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாச்சு நீ தூங்கி?"

குரல் கீழிருந்து வந்தது. மிளகி குனிந்து பார்த்தாள். மரத்தடியில் சிறுத்தை முன்னங்கால்களை மடித்துப் படுத்திருந்தது. உறுமவில்லை, மேலே பாய்கிற எண்ணமும் இருப்பதாகத் தெரியவில்லை. உறவுக்காரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் போல இருந்தது.

மிளகி கூவியிருக்க வேண்டும். சிறுத்தையைக் கண்டால் கூவுவது குரங்குக்கு மூச்சு விடுவது போல. ஆனால் பத்து நாளில் அவளிடம் இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. எல்லாரும் குட்டியைப் பற்றித்தான் கேட்டார்கள். தொண்டை வரை வந்த கூவல் திசைமாறி, "பத்து நாளாச்சு" என்று வெளியே வந்தது.

"வாயுதானே?" என்றது சிறுத்தை. "காலை மடக்கி மடக்கி உதைக்குதா? பால் குடிச்சிட்டு உதறுதா?"

"ஆமா."

"நானும் நாலு பெத்தவதான் தங்கச்சி. மூணாவது குட்டி இப்படித்தான். என் உயிரை எடுத்திடுச்சு."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சிறுத்தை நாலு குட்டி பெற்றதும் உண்மை. மூன்றாவது அழுததும் உண்மை. வேட்டை கிடைத்து ஐந்து நாளாகிறது என்பதும் உண்மைதான். அதை மட்டும் அது சொல்லவில்லை. இங்கே ஒவ்வோர் இரவும் குட்டி போடும் சத்தத்தில் மான்கள் விழித்துக்கொண்டதால், அதன் பட்டினிக்கும் இந்த வாயுதான் காரணம். அந்த வகையில் சிறுத்தைக்கும் மிளகிக்கும் ஒரே கஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். சிறுத்தை அப்படித்தான் பேசிற்று.

குட்டியைக் குப்புறப் போட வேண்டும் என்றது அது. முன்னங்கையில், வயிறு அழுந்தும்படி. பிறகு மெதுவாக நடக்க வேண்டும். நின்ற இடத்தில் ஆட்டுவது உதவாது. நல்ல யோசனை, இந்தப் பத்து நாளில் மிளகி கேட்டதிலேயே உருப்படியானது. அவள் குட்டியைக் குப்புறப் போட்டுப் பார்த்தாள். ஆனால் அந்த நுனிக்கிளையில் நடக்க இடம் எங்கே இருக்கிறது? இரண்டு எட்டு வைத்தால் கிளை வளைந்தது. குட்டி இன்னும் பலமாக வீறிட்டது.

"கிளையில நடக்க வராது" என்றது சிறுத்தை வருத்தத்தோடு. "தரை வேணும். அப்புறம் வயித்தைச் சொரசொரப்பா நக்கி விடணும். உன் நாக்கு வழவழன்னு இருக்கும். என் நாக்கால நாலு தடவை நக்கினாப் போதும், வாயு இறங்கிடும். பிள்ளையை என்கிட்டக் குடு. நீ அந்த வேர்ல தலையைச் சாய்ச்சிக் கொஞ்சம் தூங்கு."

இதைப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிறுத்தை வாயில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு எந்தக் குரங்காவது தூங்குமா? தூங்காது, நேற்று தூங்கியிருந்தால். பத்து இரவு விழித்தவளுக்கு அந்தப் பேச்சில் காதில் விழுந்தது மூன்றே சொல்: என்கிட்டக் குடு, தூங்கு. மீதி எதுவும் விழவில்லை.

மிளகி கிளையோடு உள்ளே நடந்தாள். அடிமரத்தைப் பிடித்தாள். இறங்கினாள்.

குரங்கு அடிமரத்தில் இறங்கும்போது மரத்தைக் கட்டிக்கொண்டு, கை மாற்றி, கால் மாற்றி, குலுங்கிக் குலுங்கித்தான் இறங்கும். குட்டி அவள் வயிற்றைப் பற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் எட்டுக்கும் தாயின் வயிறு ஒரு பக்கமும் மரம் ஒரு பக்கமுமாக அதை அழுத்திற்று. நாலு எட்டு, ஐந்து எட்டு. பாதி மரம் இறங்கியபோது குட்டியின் உடம்பு ஒருமுறை விறைத்தது. பிறகு அதனிடமிருந்து, அதன் உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஓர் ஓசை வந்தது. நீளமான ஓசை. பத்து இரவின் காற்றும் அதில் இருந்திருக்கும். அது முடிந்ததும் குட்டி ஒரு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிற்று.

அழுகை நின்றது.

மிளகிக்கு முதலில் காது போய்விட்டதோ என்று தோன்றிற்று. ஓடைச் சத்தம் கேட்டது. ஒரு சில்வண்டு கேட்டது. பிறகு கீழே சருகின் மேல் ஏதோ தட்டித் தட்டி அசைவது கேட்டது. அது சிறுத்தையின் வால் நுனி. பூனைச் சாதி பாயப் போகும்போது மட்டும்தான் வால் அப்படித் துடிக்கும். மிளகிக்கு இதைப் பிறந்த ஆறாம் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏன் நின்னுட்ட? இன்னும் நாலு முழம்தான்" என்றது சிறுத்தை. ஆறு முழம் இருந்தது.

"வாயு போயிடுச்சு அக்கா" என்றாள் மிளகி.

"மறுபடியும் வரும்."

அதுவும் உண்மைதான். மிளகி குட்டியை வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள். பிறகு மேலே பாய்ந்தாள்.

சிறுத்தையும் பாய்ந்தது. நகம் மரப்பட்டையைக் கிழிக்கும் சத்தம் அவள் வாலுக்கு ஒரு சாண் கீழே கேட்டது. அடிக்கிளையில் ஏறி, ஓடி, நுனியில் போய்த்தான் மிளகி நின்றாள். சிறுத்தை பாதிக் கிளைவரை வந்தது. கிளை முறிகிற மாதிரி முனகிற்று. சிறுத்தை அங்கேயே நின்று அவளை வெகுநேரம் பார்த்தது. பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து இறங்கிப் போனது. அவளைத் திட்டவில்லை. பசித்தவளுக்கும் தூங்காதவளுக்கும் வீணாகப் பேசத் தெம்பு இருக்காது.

இதற்குள் மரம் முழுக்கக் கூச்சல். நெடுவாலன் கூவினான், எல்லாரும் கூவினார்கள். சிறுத்தை போன பிறகு ஒவ்வொருவராக அடிக்கிளைப் பக்கம் வந்தார்கள். மிளகி நடந்ததைச் சொன்னாள். கீழே இறங்கினதையும் மறைக்கவில்லை.

பாலை வாயில் கை வைத்துக்கொண்டாள். "எங்களை எழுப்பியிருக்கலாமேடி, பாவி."

"நீங்க யாரும் தூங்கலையே சித்தி" என்றாள் மிளகி.

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த அழுகையில் யாராலும் தூங்கியிருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பத்து இரவும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

நெடுவாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளையிலிருந்து என்று ஏதோ ஆரம்பித்தான். தாழை அவனைப் பார்த்தாள். அவன் நிறுத்திக்கொண்டான். பிறகு தாழையே, "நான் அப்பவே சொன்னேன், இந்தக் கொழுந்து..." என்று தொடங்கினாள். பாதியில் அவளும் நிறுத்தினாள். ஐந்து பிள்ளை பெற்றவள் சொல்ல வந்ததை விழுங்குவதைக் கூட்டம் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது.

"என்கிட்டக் குடு" என்றாள் தாழை.

குட்டி கைமாறியதும் கண் விழித்தது. முகத்தைச் சுளித்தது. முனகிற்று. எல்லாரும் பழக்கத்தில் மிளகியைப் பார்த்தார்கள். மிளகியும் பழக்கத்தில் கையை நீட்டினாள்.

தாழை திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "எனக்கும் கை இருக்கு. படு" என்றாள். குட்டியை முன்னங்கையில் குப்புறப் போட்டாள். மேலே, தடித்த கிளை ஒன்றுக்கு ஏறிப் போய், மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். குட்டி உரக்க அழுதது. தாழை திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் கை ஓய்ந்தபோது குட்டி பாலையின் கைக்குப் போயிற்று. பாலைக்குப் பிறகு நெடுவாலன்கூட வாங்கினான். மூன்றே எட்டு நடந்தான், ஆனால் நடந்தான்.

வாயு உடனே போய்விடவில்லை. இன்னும் ஒன்றரை மாதம் அது சாயங்காலம் தோறும் வந்துகொண்டிருந்தது. அதற்கான பருவம் முடிந்ததும் தானாகவே நின்றது. இலையும் மண்ணும் அதில் எதுவும் செய்யவில்லை.

தாழை குட்டியை வாங்கிய அந்த இரவில் மிளகி உட்கார்ந்த இடத்திலேயே, கிளையைக் கட்டிக்கொண்டபடி தூங்கிப்போனாள். மறுநாள் வெயில் உச்சிக்கு வந்தும் எழவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை.

அழுகிற பிள்ளையோடு விழித்திருப்பவளுக்கு நூறு யோசனை சொல்வதைவிட ஒரு நாழிகை அந்தப் பிள்ளையை வாங்கிக்கொள்வதே உதவி. உறவு அதைச் செய்யாவிட்டால், நான் செய்கிறேன் என்று பகை வந்து மரத்தடியில் உட்காரும்.