எறும்புகள் தலை முட்டிக்கொள்வது ஏன்?

சத்தியம்! ஊர் கேட்க ஓங்கிச் சொல்கிறேன், அத்தனையும் சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் பாதி மீசையை மழித்துக்கொண்டு தேரடியில் நிற்கிறேன்.

அந்தக் காலத்தில் எறும்புகள் வாய்விட்டுப் பேசின. ஆனால் சொன்னதை மட்டும்தான் செய்யும். கம்ப்யூட்டருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதிலும் கடியன் என்றொருவன் இருந்தான். "கதவைச் சாத்து" என்றால், தான் வெளியே நின்றுகொண்டே சாத்துவான். அவன் பெண்டாட்டி செவத்தாளுக்கு அதனாலேயே அவன்மேல் கொள்ளை ஆசை.

மழை வரும்போல் இருந்த ஒரு நாள், பனைமரத்தடியில் கருப்பட்டித் துண்டு கிடப்பதாகத் தகவல் வந்தது. ராணி எறும்பு கடியனை அனுப்பினாள். புறப்படுகிறவனிடம் "போ" என்று சொல்லலாமா? "கருப்பட்டிக்குப் போய் வா, ராசா, போய் வா" என்றாள். வினை அங்கேதான் பிடித்தது.

கடியன் போனான், வந்தான். போனான், வந்தான். கருப்பட்டி தீர்ந்தது. அப்போதும் வெறும் வாயோடு போனான், வந்தான். கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் இதைத்தான் முடியாத லூப் என்கிறார்கள். நடந்து நடந்து இடுப்பு நூலாகிவிட்டது.

வானம் கறுத்தது. புற்றின் வாயை அடைக்க மற்ற எறும்புகள் மண்ணோடு நின்றன.

"ஏங்க, கருப்பட்டிதான் தீர்ந்துபோச்சே, உள்ளே வாங்க!" என்று கத்தினாள் செவத்தாள்.

"ராணியம்மா நிறுத்தச் சொல்லலையே, புள்ளே!" நடந்துகொண்டே பதில் சொன்னான்.

அவள் ராணியிடம் ஓடினாள். "போய் வான்னீங்களே, எதுவரைக்கும்னு சொன்னீங்களா?"

"இதைக்கூடவாடி சொல்லணும்?"

"என் வீட்டுக்காரருக்குச் சொல்லணும்மா!"

ராணி வெளியே வந்து, "நில்லுடா!" என்றாள். நின்றான். நடுவழியில், தூக்கிய கால் தூக்கியபடி. பக்கத்தில் முதல் துளி விழுந்தும் அசையவில்லை.

"போச்சு, இப்ப சிலையாயிட்டாரு! நிபந்தனை போட்டுச் சொல்லுங்கம்மா!"

"டேய், கருப்பட்டி இருக்கிறவரைக்கும் போய் வா! இல்லேன்னா வீட்டுக்குள்ள வா!"

"இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கடியன், காலை இறக்காமலே.

செவத்தாள் மழைக்குள் ஓடி, அவன் நெற்றியில் தன் நெற்றியால் ஒரு முட்டு முட்டினாள். "எதிர்ல வர்றவளைக் கேளுமய்யா!"

"இருக்கா?"

"இல்லை!"

அப்புறம் அவன் ஓடிய ஓட்டத்தை அவளாலேயே பிடிக்க முடியவில்லை. இருவரும் நுழைந்ததும் புற்று மூடியது, மழை கொட்டியது.

அன்று முதல்தான் எறும்புகள் எதிர்ப்பட்டால் தலை முட்டி, "இருக்கா?" என்று கேட்டுவிட்டு நகர்கின்றன, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்களும் லூப்புக்கு லூப், எதுவரைக்கும் என்று ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்.

நான் சொன்னதாக மட்டும் எங்கேயும் மூச்சு விடாதீர்கள். புருஷன் கதையை வெளியே விட்டது யாரென்று தெரிந்தால், செவத்தாள் வகையறா என் வேட்டிக்குள் புகுந்துதான் விசாரிக்கும்.