நெல்மணி அகலம்

வெள்ளச்சி தன் கணவன் எயினனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவன் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு கரடியின் எல்லைக்குள் போனபோதுதான். அது விலங்குகளும் கைவிரல்களும் பேசிய காலம். சுட்டுவிரலும் மோதிரவிரலும் அப்போது ஒரே உயரம்.

மழை தவறிய ஆண்டு. மலையில் ஒரு சுனைதான் மிச்சம். சடுகுடுவில் தோற்பவர் அந்தச் சுனையை விட்டுப் போய்விட வேண்டும் என்று மனிதரும் விலங்குகளும் பேசி முடித்தார்கள். பொழுது சாயும் வேளையில் இந்தப் பக்கம் எயினனும் அந்தப் பக்கம் கரடியும் மட்டுமே மிஞ்சினார்கள்.

"முடியலைன்னா மூச்சை விட்டுடுங்க. வேற தண்ணி தேடிப் போவோம்," என்றாள் வெள்ளச்சி. அவளுக்கு அது நிறைமாதம்.

"இந்த வயித்தைத் தூக்கிட்டு எங்கேடி நடப்பே?" என்று சிரித்தான் எயினன். சிரித்துவிட்டுக் கோட்டைத் தாண்டினான்.

"வாடா சுள்ளி! இன்னிக்கு உன் முதுகுதான் எனக்குத் திண்டு," என்றது கரடி.

அவன் அதன் காதைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தான். கரடி காலைப் பிடித்திழுத்துக் குப்புறத் தள்ளி மேலே உட்கார்ந்தது. விழுந்த வேகத்தில் அவனுடைய நடுவிரல் மடங்கி முறிந்தது. வெள்ளச்சிக்கு அந்த வலக்கை மட்டுமே தெரிந்தது. பாட்டு இன்னும் கேட்டது. மூச்சு அறுவதற்குள் ஒரு விரல் நடுக்கோட்டைத் தொட்டால் போதும்.

சுட்டுவிரலுக்குக் குற்றம் சொல்லித்தான் பழக்கம். அது மடங்கித் திரும்பி, நடுவராக நின்ற முள்ளம்பன்றிக்குக் கரடியைக் காட்டியது.

"பாரும் ஐயா, நகத்தைப் போட்டு அழுத்துது! இது ஆட்டமா?"

"அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப நீளு," என்றது மோதிரவிரல்.

"நியாயம்னு ஒண்ணு வேண்டாமா?"

மோதிரவிரல் தானே கோட்டை நோக்கி உந்தியது. கணு விலக, தோல் கிழிய, நெல்மணி அகலம் நீண்டு கோட்டைத் தொட்டது. தொட்ட பிறகுதான் பாட்டு நின்றது.

"மனுசப் பக்கம் ஜெயிச்சாச்சு," என்றது முள்ளம்பன்றி.

கரடி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டது. "எழுந்திருடா. சுனை உங்களோடதுதான்," என்று அவனை மூக்கால் புரட்டியது. இரண்டு முறை புரட்டியும் அவன் அசையவில்லை. பிறகு கரடி தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு மலையிறங்கியது.

மூன்றாம் நாள் வெள்ளச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எதையோ சுமக்கப் பிறந்ததுபோல் அகன்ற தோள். மூடிய கையை அவள் விரித்துப் பார்த்தாள். மோதிரவிரல் சுட்டுவிரலைத் தாண்டி நின்றது.

ஓடுகிறவர்கள், மல்லுக்கு நிற்கிறவர்கள், மூச்சுப் பிடித்து ஆடுகிறவர்கள் பலருக்கும் அன்றிலிருந்துதான் அந்த விரல் நீளம். கணுவில் தழும்பு எதுவும் இருப்பதில்லை.