செருப்புகள் நின்ற வரிசை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறார்கள். இவர் பெயர் உக்கிரபூபதி. உக்கிரமெல்லாம் பெயரோடு சரி, ஆளுக்குப் பிடித்தது வேடிக்கை. ஒருநாள் எழுந்ததும் பல்கூட விளக்காமல், "எனக்குக் கடலைப் பார்க்க வேண்டும்" என்றார். கடல் பல காத தூரம். பல்லக்கில் போகலாம் என்றால் ராஜாவுக்குப் பல்லக்கு ஆடினால் குமட்டும். அதனால் கோட்டை மைதானத்தில், பனை மேல் பனை வைத்த உயரத்துக்கு ஒரு ராட்டினம் எழுப்பினார்கள். நான்கு தொட்டில், சுற்ற ஒரு யானை. தொட்டில் உச்சிக்குப் போனால் கிழக்கே ஒரு நீலக்கோடு தெரியும். அதுதான் கடல் என்று எல்லோரும் சொன்னார்கள், ராஜாவும் நம்பினார்.

சுற்றி இறங்கியவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ராட்டினத்தில் குமட்டவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. "குடிமக்களும் பார்க்கட்டும்" என்று உத்தரவு போட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஊரே வந்து வரிசையில் நின்றது. யானைக்கு மூச்சு வாங்கும், தண்ணீர் குடிக்கும், சில நேரம் காரணமே இல்லாமல் நின்றுகொண்டு காதை ஆட்டும். வரிசை மைதானத்தைச் சுற்றி, கடைவீதியைத் தாண்டி, ஆற்றங்கரை வரை போயிற்று. காத்திருப்பதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை. உழைத்தால் களைப்பு வரும், களைத்தால் தூக்கம் வரும், காலையில் எழுந்தால் தெம்பு வரும். வரிசையில் நின்றால் களைப்பு மட்டும்தான் வரும். குயவன் சக்கரம் சும்மா கிடந்தது. அரண்மனைச் சமையல்காரர் வரிசையில் நின்றதால் ராஜாவுக்குப் பழைய சோறு வந்தது. நாவிதர் ராஜாவின் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, "என் முறை வந்துடுச்சு மகாராஜா" என்று கத்தியோடு ஓடினார். ராஜா அரைத் தாடியோடு சபைக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சபையில் அடைக்கலம் என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். வயதாகிவிட்டது, முட்டி வலி, இருமல். சிரிக்க வைக்கிறவனுக்கு அலுப்பு வரும் என்பது எந்த ராஜாவுக்கும் தோன்றுவதில்லை. அன்றைக்கு அவன் விகடம் எதையும் யோசித்து வரவில்லை. விடுப்புக் கேட்க வந்திருந்தான். அவனுடைய ஒரே மகள் செம்பகம் ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்துவிட்டது, இனிப் பெற்றவன் நேரில் போய் அழைத்தால்தான் சம்பந்தி வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள். அந்த ஊரில் மருத்துவச்சியும் கிடையாது. மலையிலோ மழை தொடங்கிவிட்டது. வெள்ளம் வந்தால் பரிசல் ஓடாது. அதற்குள் அவளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அவன் வாயைத் திறக்குமுன் ராஜா கன்னத்தைத் தடவிக்கொண்டு முழங்கினார்: "நாளை முதல் ஒருவரும் வரிசையில் நிற்கக் கூடாது. ஆனால் ஒருவருடைய முறையும் தவறக் கூடாது. இதைச் செய்து முடிப்பவர் யார்?"

சபை தரையைப் பார்த்தது. தளவாய் உலகநாதர் மட்டும் எழுந்தார். இவருக்கு அடைக்கலத்தைக் கண்டால் ஆகாது. ஒருமுறை இவர் ராஜாவைப் புகழ்ந்து பாடல் பாடும்போது ராஜா தூங்கிவிட்டார்; அடைக்கலம் இருமியதும் விழித்துச் சிரித்தார். அதை மறக்கிற மனசு தளவாய்க்கு இல்லை. அடைக்கலம் விடுப்புக் கேட்க வந்திருப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"பிரபு, இத்தகைய நுட்பமான காரியத்துக்கு நமது விகடகவியே தகுந்தவர். காரியம் முடியும்வரை அவருக்கு விடுப்பு முதலிய தொந்தரவுகள் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அடைக்கலம் வீட்டுக்குப் போகாமல் வரிசையோரமாக நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லார் முகத்திலும் ஒரே சலிப்பு. ஒரு இடத்தில் ஆளே இல்லை. ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இது யாரும்மா?"

"எண்ணெய்க்காரருங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்னு செருப்ப விட்டுட்டுப் போயிருக்காரு."

"அவரு இடத்துல நீங்க ஏறி நிக்கலியா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செருப்புக் கிடக்குதுல்ல? அப்புறம் எப்படி நிக்கறது?"

அடைக்கலத்துக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளே ஏற்பாடு செய்துவிட்டான். அவரவர் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். செருப்பு இல்லாதவர் ஒரு கல்லையோ கலயத்தையோ வைக்கலாம். வரிசை நகர வேண்டியதில்லை. முரசு அடிப்பவர்தான் வரிசையோரமாக நகர்வார். முரசுச் சத்தம் கிட்டே வந்ததும் உரியவர் வந்து ஏறிக்கொள்ள வேண்டியது. ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போய், கம்பீரமாக ஓர் ஆணையும் போட்டார்: "ஒருவருடைய செருப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அவரே இருக்கிறார். உடையவரைத் தவிர எவரும் அதைத் தொடலாகாது. இதை மறுப்பவர் என்னை மறுப்பவர்."

ஊர் வெறுங்காலோடு வேலைக்குத் திரும்பியது. சக்கரம் சுற்றியது, உலை கொதித்தது, நாவிதர் வந்து மிச்சக் கன்னத்தையும் மழித்தார். அடைக்கலம் துணி மூட்டையைக் கட்டினான்.

ஆனால் பொழுது விடிந்து பார்த்தால் முரசு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இரவோடு இரவாகத் தளவாயின் ஆட்கள் கூடை கூடையாகப் புதுச் செருப்புகளைக் கொண்டுவந்து வரிசைக்கு முன்னால் பரப்பியிருந்தார்கள். எல்லாம் தளவாயின் செருப்பு. முரசுக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார். தளவாய் வரவே இல்லை.

"அடுத்தவங்களக் கூப்பிடலாமே" என்றான் அடைக்கலம்.

"எப்படிங்க? செருப்பு இருக்கு, அவரு இருக்காருன்னு அர்த்தம். இருக்கறவர விட்டுட்டு அடுத்தவரக் கூப்பிட்டா முதுகுத்தோல உரிச்சுப்புடுவாக."

பின்னால் செருப்பு மேல் செருப்பாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. யானை தூங்கிவிட்டது. கடல் பார்க்க வந்தவர்கள் அடைக்கலத்தைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

தளவாய் ராஜாவிடம் போய், "பிரபு, விகடகவியின் ஏற்பாடு பாழாயிற்று" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜா அடைக்கலத்தை அழைத்தார். "நாளை உச்சிப்பொழுதுக்குள் முரசு நகர வேண்டும். என் ஆணையில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. முடியாவிட்டால், அடுத்த அறுவடை வரை நீ கோட்டையை விட்டு வெளியே போக முடியாது."

வீட்டில் அவன் மனைவி மூக்காயி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆத்துல தண்ணி செவந்து வருதாம். பரிசக்காரரு சொல்லிட்டுப் போறாரு. நாளைக்கு விட்டா இல்லியாம்."

அடைக்கலம் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

"அது அங்க யாரும் இல்லாம கிடந்து தவிக்கும்யா. ஊரையெல்லாம் சிரிக்க வச்சு என்னத்தக் கண்டீக?" என்று கேட்டுவிட்டு மூக்காயி அழுதாள். அவனுக்கும் அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. எழுந்து பரிசல் துறைக்குப் போனான். திரும்பி வந்து படுத்துத் தூங்கினான்.

மறுநாள் சபை கூடியது. அடைக்கலம் உள்ளே வந்து, சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ராஜாவின் எதிரே நின்று பெருமூச்சு விட்டான்.

"மகாராஜா இப்படித் தனியாக அமர்ந்திருப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை."

"தனியாகவா? சபை நிறைந்திருக்கிறதே!"

"சபைக்குள் செருப்போடு வரும் உரிமை மகாராஜா ஒருவருக்கே. மற்ற அனைவரும் செருப்பை வாசலில் விட்டிருக்கிறார்கள். செருப்பு எங்கேயோ அங்கேதான் ஆள் என்பது தங்கள் ஆணை. ஆகவே மந்திரி வாசலில் இருக்கிறார். புரோகிதர் வாசலில் இருக்கிறார். இங்கே தாங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்."

மந்திரி தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. "சரி, தளவாயும் வாசலில்தானா?"

"வாசலில் ஒருவர். ராட்டின வரிசையில் கூடை கூடையாகத் தளவாய்கள். நாடு இத்தனை தளவாய்களைத் தாங்குமா என்பது ஒரு கவலை. அவர்கள் எல்லோரும் அங்கே இருக்க, இங்கே முன்வரிசையில் தளவாயைப் போலவே மீசை வைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்பது அதைவிடப் பெரிய கவலை. பகை நாட்டு ஒற்றராக இருக்கலாம்."

காவலர்கள் ஈட்டியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள்.

"பிரபு! நானேதான் உலகநாதன்!" என்று தளவாய் அலறினார்.

"அப்படியானால் வரிசையில் கிடப்பவை உம்முடையவை இல்லையா?" என்று கேட்டார் ராஜா.

தளவாய் திருதிருவென்று விழித்தார். அல்ல என்றால் உடையவர் இல்லாத செருப்பு. முரசு தாண்டிப் போய்விடும். ஆம் என்றால் அவர் இங்கே இல்லை. இங்கே நிற்பவர் ஒற்றர். "என்னுடையவைதாம். இப்போதே ஆட்களை அனுப்பி அப்புறப்படுத்துகிறேன்" என்று குழறினார்.

"உடையவரைத் தவிர எவரும் தொடலாகாது என்பதும் மகாராஜாவின் ஆணை" என்றான் அடைக்கலம்.

ராஜா தாடையைத் தாங்கிக்கொண்டு யோசித்தார். ஆணையை மாற்றவும் மனமில்லை, வேடிக்கையை விடவும் மனமில்லை. "உலகநாதரே, போய் உம்மையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வாரும். ஒருவராக ஆனபிறகு சபைக்கு வரலாம்."

உச்சி வெயிலில் தளவாய் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து செருப்புப் பொறுக்கினார். ஜரிகைத் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்கியது. அவர் பொறுக்கப் பொறுக்க முரசு முன்னால் நகர்ந்தது. எண்ணெய்க்காரர் தொட்டிலில் ஏறினார். யானை எழுந்து சுற்றியது. ராஜா உப்பரிகையில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அடைக்கலத்திடம் திரும்பினார்.

"எல்லோரையும் வாசலுக்கு அனுப்பினாய். நீயும் வெறுங்காலோடுதான் நிற்கிறாய். உன் செருப்பு எங்கே, வாசலிலா?"

"இல்லை மகாராஜா. ஆற்றுக்கு அக்கரையில், என் மகள் வீட்டு வாசலில். நேற்றே பரிசலில் அனுப்பிவிட்டேன்."

"அப்படியென்றால்..."

"அப்படியென்றால், விடுப்பே இல்லாமல் நான் நேற்றே புறப்பட்டுவிட்டேன். தண்டிக்க வேண்டுமென்றால் அங்கே ஆள் அனுப்பித்தான் பிடிக்க வேண்டும். இங்கே நான் இல்லை. தாங்கள் இவ்வளவு நேரமும் ஒருவரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை."

ராஜா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தொப்பையால். சிரித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் எதிரே நின்றவன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டார். அவன் கண்கள் குழி விழுந்திருந்தன. அவன் ஆற்றின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேண்டும், கேள். பொன்னா, நிலமா?"

"நல்ல துடுப்புக்காரர்கள் இரண்டு பேர், மகாராஜா. சம்பந்தி வீட்டார் செருப்போடு பெண்ணை அனுப்ப மாட்டார்கள்."

ராஜா தம் சொந்தப் படகையே கொடுத்தார். பேரப்பிள்ளை நடக்கும் வரை சபைப் பக்கம் வரத் தேவையில்லை என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் திணித்தார். நன்றி சொல்லக்கூட நிற்காமல் அடைக்கலம் வெறுங்காலோடு ஓடினான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினானோ, எனக்குத் தெரியாது.

அவன் அக்கரை சேர்ந்தபோது தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. செம்பகம் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நேத்தே கெளம்பி உக்காந்துட்டேம்ப்பா" என்றாள். "செருப்பு வந்ததுமே அத்தைகிட்டச் சொல்லிட்டேன், எங்கப்பா வந்துட்டாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரல."

அடைக்கலம் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மறு கையை மகளிடம் நீட்டினான்.

"பாத்து எந்திரிம்மா" என்றான். "இனிமே காத்திருக்க வேண்டாம்."