பன்னிரண்டாவது வயல்

மகிழ்ச்சிக்கு வழி கேட்டு மடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். சோணைமுத்து முழங்கால் வரை சேற்றோடு வந்தார். வாசலில் கால் கழுவ ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டியிருக்குமே என்று அதைத் தொடாமல், காலைப் புல்லில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மடத்தை நடத்தும் சாமிக்கு முப்பத்தாறு. இதில் ஊருக்குத்தான் சங்கடமே தவிர அவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வந்து மடத்து முற்றத்தைப் பெருக்கிவிட்டு, சாமி பேசுவதை நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார் சோணைமுத்து. சீடர் என்று யாராவது சொன்னால் கூச்சப்படுவார்.

சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்னதான நாள். நாற்பது பேர் வெளியே உட்கார்ந்திருக்க, முதல் இலையைத் தனக்குப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். இதைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. சாமிக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அன்னதானத்திலும் இரண்டாம் சோறு வரை நிதானமாகச் சாப்பிட்டு எழுந்துதான் பரிமாற வருவார். "பசியோட பரிமாறினா கண்ணு அடுத்தவன் இலையிலதான் இருக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் கொடுத்ததில்லை.

"வாங்க. சாப்பிடுறீங்களா?" என்றார் சாமி.

"எல்லாரும் சாப்பிடட்டும் சாமி."

"பசிக்குதா, இல்லையா?"

"பசிக்குது. இருக்கட்டும்."

சாமி ரசத்தை ஊற்றிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை இல்லையே இன்னைக்கு. என்ன விசயம்?"

சோணைமுத்து சொல்ல வந்தது சின்ன விஷயம் இல்லை. பத்து நாளாக வீட்டில் அடுப்பு எரியவில்லை. மனைவி பஞ்சவர்ணம், தன் துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சாமி, நான் ஒருத்தருக்கும் கெடுதல் நினைச்சதில்ல. எனக்கு மட்டும் ஏன் ஒரு நல்லது நடக்க மாட்டேங்குது?"

"அவங்க என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

சோணைமுத்து தலை குனிந்துகொண்டார். "'ஊரான் வயல் கதிரை எத்தனை வருசத்துக்கு உதிர்க்கிறது? நம்ம வயல்ல கதிர் வந்தா ஆள் அனுப்பு. வராட்டி உன் ஊரையே கட்டிக்கிட்டு அழு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

பஞ்சவர்ணம் சொன்னதில் பொய் கிடையாது. சோணைமுத்து அந்த ஊரின் நீர்க்கட்டி. குளத்து மடையைத் திறந்து, கீழே இருக்கும் நாற்பது வயலுக்கும் வரிசைப்படி தண்ணீர் கட்டுவது அவர் வேலை. அடியில் ஊசித்துளை போட்ட செம்பு ஒன்று வைத்திருக்கிறார். அதை வாளித் தண்ணீரில் மிதக்க விடுவார். நிறைந்து மூழ்கினால் ஒரு செம்பு நேரம். வயலின் அளவைப் பொறுத்து ஒருவருக்கு நாலு செம்பு, ஒருவருக்குப் பத்து. ஒரு சொட்டு முன்னே பின்னே போகாது. அறுப்பு முடிந்ததும் வயலுக்கு ஒரு கட்டுக் கதிர் கூலியாக வரும்.

அந்த நாற்பதில் பன்னிரண்டாவது வயல் அவருடையதுதான். ஆறு செம்பு நேரம் அதற்கு உண்டு. தாத்தா காலத்திலிருந்தே உண்டு.

"உங்க முறை வரும்போது என்ன செய்வீங்க?" என்று கேட்டார் சாமி.

"பதிமூணுக்குப் போயிருவேன்."

"ஏன்?"

"தண்ணி கட்டுறவன் தனக்குக் கட்டிக்கிட்டான்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்ல சாமி. எல்லாருக்கும் பாய்ஞ்சு முடிஞ்சு, மிச்சம் இருந்தா கட்டிக்கலாம்னு விட்டுருவேன்."

"மிச்சம் இருந்திருக்கா?"

"ஒம்பது வருசத்துல ரெண்டு தடவை."

"அப்ப கதிர் வந்துச்சா?"

"அந்த ரெண்டு வருசமும் நல்ல மழை. தண்ணியே தேவைப்படல."

சாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட சோணைமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு மடை திறக்கிறீங்களா?"

"ஆமா சாமி. ஒரு சுத்து வர எட்டு நாள் ஆகும்."

"மண்வெட்டியையும் செம்பையும் என்கிட்ட கொடுங்க. இந்தச் சுத்து நான் கட்டுறேன்."

"ஐயோ, சாமி போய் சேத்துல…"

"இந்தச் சுத்துல நீங்க வயக்காரர் மட்டும்தான். உங்க முறை வரும்போது வரப்புல வந்து நின்னா போதும்."

சாமி மண்வெட்டி பிடித்ததைப் பார்க்க முதல் நாள் ஒரு கூட்டமே வந்தது. இரண்டாம் நாள் ஐந்து பேர். மூன்றாம் நாள், அவரும் தங்களைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அன்று முற்பகலில் பதினொன்றாவது வயலின் மடை அடைபட்டது. பன்னிரண்டாவது திறந்தது.

சோணைமுத்து வரப்பில் நின்றிருந்தார். நட்டு இருபது நாளான பயிர், நுனி மஞ்சளாகி, வெடிப்பு விட்ட மண்ணில் நின்றது. தண்ணீர் உள்ளே வந்து முதல் வெடிப்பில் இறங்கியபோது சளசளவென்று ஒரு சத்தம் வந்தது. மற்ற வயல்களில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். தன் வயலில் கேட்டபோது அவருக்கு நெஞ்சு விம்மியது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அடுத்த நிமிடமே யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். திருடன் போல இருந்தது. ஓடிப்போய் மடைவாயில் இறங்கி, கையால் சேற்றை அள்ளி அடைக்கத் தொடங்கினார்.

"செம்பு இன்னும் மூழ்கல" என்றார் சாமி.

"வேணாம் சாமி. பதிமூணுக்கு விடுங்க."

"இது உங்க முறைதானே?"

"என் முறைதான். நான் விட்டுக் கொடுக்கிறேன். என்னோடதை நான் கொடுக்கக் கூடாதா?"

"தாராளமாக் கொடுக்கலாம். யாருக்குக் கொடுக்கறீங்க?"

"ஊருக்கு."

சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கீழே விரிந்து கிடந்த வயல்களைப் பார்த்தார். "ஊருங்கிற வயல் இதுல எது? கையைக் காட்டுங்க. திருப்பி விடுறேன்."

சோணைமுத்து கையைத் தூக்கினார். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. நல்லவேளையாக அப்போது மாயக்காள் புல்லுக்கட்டோடு வரப்பில் வந்தாள். கடைமடைக்காரி. நாற்பதாவது வயல் அவளுடையது. எந்த வருசமும் கடைசியாக நனைவதும் முதலாவதாகக் காய்வதும் அந்த வயல்தான்.

"இந்தா, இந்த அக்காவுக்குத்தான் சாமி" என்றார் சோணைமுத்து அவசரமாக.

"இவர் தன் தண்ணியை உங்களுக்குத் தர்றாராம். இத்தனை வருசமாத் தந்துக்கிட்டிருக்காராம்" என்றார் சாமி.

மாயக்காள் கட்டை இறக்கி வைத்தாள். "எனக்கா? எங்க வந்துச்சு? வழியில முப்பது பேரு வயல்ல அரை விரக்கடை கூட நின்னிருக்கும். என் வயலுக்கு வர்றதுக்குள்ள அது ஆவியாப் போயிருக்கும்."

"அக்கா, நான் நல்லதுக்குத்தானே…"

"நல்லதுக்கா? ஏன்யா சோணமுத்து, ஊர்ல என்ன பேசுறாகன்னு உனக்குத் தெரியவே தெரியாதா? தன் வயலைக் காயப் போட்டுட்டு, தண்ணியைத் தோப்புக்காரங்களுக்குக் கள்ளத்தனமாத் திருப்பி விடுறான்னு பேசுறாக. இல்லாட்டி எவனாச்சும் தன் பயிரைச் சாகவிடுவானான்னு கேக்குறாக."

சோணைமுத்து மடைவாயிலேயே நின்றுவிட்டார். அவர் கால் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"நீயுமா நம்புன?"

"அதை நம்பல. ஆனா எனக்கு வேற பயம்" என்றாள் மாயக்காள். "உன் பயிர் கருகுறதைப் பாத்து வயிறு எரியல உனக்கு. என் பயிர் கருகுனா மட்டும் எரியவா போகுது? அதான் என் முறைக்கு முன்னாடி நாளே வந்து வாய்க்கால்ல உக்காந்துக்கிருவேன்." கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஒம்பது வருசம்!" என்றார் சோணைமுத்து. முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு அந்த வாய்க்கால் பார்த்ததில்லை. "ஒம்பது வருசம் சாமி! எவன் வயலும் காயக் கூடாதுன்னு என் வயலைக் காயப்போட்டேன். என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போனா. இவங்க என்னைத் திருடன்னு பேசிக்கிட்டிருக்காங்க."

சாமி செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது தடவையாக அது நிறைந்து மூழ்கியது. அவர் மண்வெட்டியால் சேற்றை அள்ளி மடையை அடைக்கத் தொடங்கினார்.

"அடைக்காதீங்க!" சோணைமுத்து குறுக்கே வந்தார். "பாதி வயல்கூட நனையல. மடைவாயை மறிச்சுப் பேசிக்கிட்டே நின்னுட்டேன். இன்னும் ஆறு செம்பு விடுங்க. ஒம்பது வருசம் நான் எடுக்கல இல்ல? இன்னைக்கு முழுக்க என் வயலுக்கு ஓடட்டும். பேசுறவன் பேசட்டும்."

"பதிமூணாவது வயக்காரர் அங்க வரப்புல நிக்கிறார்."

"நின்னா நிக்கட்டும்!"

சாமி மண்வெட்டியை அவரிடம் நீட்டினார். "அவர் உங்ககிட்ட ஏதாவது கேட்டு வாங்கினாரா?"

சோணைமுத்து மண்வெட்டியை வாங்கினார். கொஞ்ச நேரம் அந்த ஓரத்தில் நனையாமல் கிடந்த பயிரைப் பார்த்தார். பிறகு தானே மடையை அடைத்துவிட்டு, வரப்பில் காத்திருந்தவருக்குக் கையசைத்தார்.

எட்டு நாள் சுற்று முடிந்ததும் சாமி செம்பைத் துடைத்துக் கொடுத்தார். அவர் உள்ளங்கையில் நாலு கொப்புளம். 

அடுத்த சுற்றில் நீர்க்கட்டி சோணைமுத்துதான். பன்னிரண்டாவது வயலின் முறை வந்தபோது, முதல் வயலுக்குச் சொந்தக்காரரான தலைமடைக்காரர் வீரணன் மெனக்கெட்டு இறங்கி வந்து நின்றார். தன் முறை முடிந்த பிறகு வாய்க்காலில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத்தான் ஆளில்லை.

"என்ன சோணமுத்து, உனக்கே கட்டிக்கிறியா?"

சோணைமுத்து செம்பை வாளியில் மிதக்க விட்டார். "ஆமா" என்றார்.

"எத்தனை செம்பு?"

"ஆறு. வேணும்னா உக்காந்து எண்ணுங்க."

வீரணன் உட்கார்ந்து எண்ணினார். ஆறாவது மூழ்கியதும் சோணைமுத்து மடையை அடைத்தார். எண்ண வந்தவர் "வெயில் ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். முழு வயலும் நனைந்திருந்தது. சோணைமுத்து அன்று வரப்பில் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், தன் வயலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சோணைமுத்து மடத்துக்கு வந்தார். சாமி தோட்டத்தில் வாழைச் சருகு கழித்துக்கொண்டிருந்தார்.

"கதிர் வந்துருச்சு சாமி. பால் பிடிச்சிருக்கு."

"சந்தோசம். ஆள் அனுப்பியாச்சா?"

"இல்ல சாமி."

"ஏன்?"

சோணைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார். "அவ அண்ணன் வீட்ல இப்ப அறுப்பு நடக்குது. கை ஆள் பத்தல. அண்ணி வேற பிள்ளத்தாச்சி. இவ இருந்தா அவுகளுக்கு எவ்வளவோ ஒத்தாசை. இந்த நேரம் பாத்துக் கூப்பிட்டா அண்ணனுக்கு முகம் சுருங்கும். அண்ணிக்குச் சிரமம். பஞ்சவர்ணத்துக்கும் அங்க ஒரு குறையும் இல்லைன்னுதான் சொல்றாக. அதான், எல்லாம் முடியட்டும், சித்திரையில பாத்துக்கலாம்னு…"

சாமி ஒரு சருகை வெட்டிப் போட்டார். "அண்ணனுக்காகச் சொல்லிட்டீங்க. அண்ணிக்காகச் சொல்லிட்டீங்க. அவங்களுக்காகவும் சொல்லிட்டீங்க. உங்களுக்காக?"

சோணைமுத்துவுக்குக் கண் கலங்கியது. ஐம்பத்து நான்கு வயதில் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.  சொன்னபோது குரல் உடைந்தே வந்தது.

"எனக்கு அவ வேணும், சாமி. அவ இல்லாம என்னால முடியல."

சாமி அடுத்த வாழைக்கு நகர்ந்தார்.

"அதை எதுக்கு என்கிட்ட சொல்லிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.