பெயரில்லாத பொத்தான்கள்

"இந்த பிரவுசரை எழுதுறவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?"

கேட்டவர் வேதமுத்து. தபால் துறையில் ஓய்வு பெற்றபின், பாளையங்கோட்டையில் பர்வீனிடம் நிரல் எழுதக் கற்றவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர்.

பர்வீன் கழற்றிப் போட்ட கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"மறுபடியும் உடைச்சுட்டானுங்க."

உடைந்தது அவர் எழுதிய 'ஸ்கிரிப்ட்' என்ற குட்டி நிரல். பிரவுசருக்குள் இருந்துகொண்டு, ரயில் டிக்கெட் பக்கத்தில் பெயரில்லாத பொத்தான்களுக்கெல்லாம் பெயர் வைக்கும். பார்வையற்றவர்களுக்கு அந்தப் பெயர்களைக் கணினி வாசித்துச் சொல்லும்.

"அப்டேட்டுக்கு அப்டேட், என் ஸ்கிரிப்ட் நம்பியிருக்கற ஏதாவது ஒரு ஃபங்ஷனைத் தூக்கிடறான். இப்ப புதுசா பர்மிஷன் வேற கேக்கறான். நான் என்ன திருடனா? ஆபரேஷனுக்கு வேலூர் போக வேண்டியவர் டிக்கெட் போட முடியாம என்னைத்தான் திட்டறார்."

"சரி பண்ணுங்க."

"பண்ணிப் பண்ணி அலுத்துப் போச்சு. இது நிரந்தரமா ஓட ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா இன்னைக்கே நிறுத்திடறேன்."

பர்வீன் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"பிளசி, வேதமுத்து சார் ஸ்கிரிப்டை நிறுத்தப் போறாராம்."

பிளசி கல்லூரியில் வரலாறு நடத்துபவர். பிறவியிலேயே பார்வை இல்லை. வேதமுத்துவோடு ஒரே வகுப்பில் நிரல் படித்தவர்.

"அப்பாடா. நிறுத்தட்டும் மேடம்."

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா இது? உங்களை நெனச்சுத்தானே எழுதவே ஆரம்பிச்சேன்!"

"கோவிச்சுக்காதீங்க சார். அவங்க தூக்கிட்ட ஃபங்ஷனுக்குப் பதிலா புதுசு எழுதி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது."

"அப்ப எல்லாருக்கும் குடுக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் குடுக்கறது? ஸ்கிரிப்ட்ல வேற யாரும் கை வைக்க முடியாம பூட்டி வெச்சிருக்கீங்க. கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப் போச்சு."

"இல்லம்மா... உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு..."

"எனக்கு எது சிரமம்னு என்கிட்ட கேட்டீங்களா?"

வேதமுத்து பர்வீனைப் பார்த்தார். அவர் மறுபடியும் கணினிக்குள் குனிந்துவிட்டிருந்தார்.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்மா."

வேதமுத்து பக்கத்து மேசையிலிருந்த கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

"பூட்டை உங்களுக்கும் திறந்து விடறேன். உங்க யூசர் நேம் என்ன?"